மூக்குச் சக்கரம் உடைந்தது ஒரு நொடியில், பேப்பர் வேலைதான் முடியவில்லை

அமெரிக்காவுக்குப் பைலட் பயிற்சிக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளுக்காக இது. விசா, மெடிக்கல், தனியாகப் பறக்கும் முதல் சோலோ பற்றியெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். விமானம் அடிபட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ஃப்ளோரிடா, செஸ்னா 172, நான் மட்டும். தரை தொடும் நேரத்தில் பக்கக்காற்று தூக்கியது. விமானம் குதித்தது, திரும்பக் குதித்தது, அடுத்த முறை மூக்குச் சக்கரம் மடங்கி புரொப்பெல்லர் ஓடுபாதையைக் கீறியது. எனக்கு அடி எதுவும் இல்லை.

"சக்கரமும் புரொப்பெல்லரும்தானே, இது விபத்துக் கணக்கிலேயே வராது" என்றார் பள்ளி அலுவலகக்காரர். பாதி சரி. சக்கரம், டயர், பிரேக், இறக்கை நுனி இவற்றோடு போனால் அமெரிக்காவில் விமான விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி.யின் விதியில் அது பெரிய சேதம் இல்லை. ஆனால் மெக்கானிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார்: எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகடு, சக்கரத்தின் கால் பொருந்தும் இடத்தில் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஃபயர்வால் அந்த விலக்கில் வராது, அதனால் இது முறைப்படி விபத்து. 10 நாளுக்குள் என்.டி.எஸ்.பி.க்கு 6120.1 என்ற விபத்து அறிக்கைப் படிவம் போயாக வேண்டும்.

அதைப் பள்ளி அனுப்பும் என்றார்கள். கெடு முடியும் நேரத்தில் கூப்பிட்டு, யாரோ எழுதிவைத்த விவரத்தின் கீழ் கையெழுத்துக் கேட்டார்கள். அதில் காற்று 'அமைதி' என்று இருந்தது! அப்படி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வாக்குமூலத்தை நீங்களே எழுதி இணைக்கலாம். மெட்டார் எனப்படும் விமான நிலைய வானிலைப் பதிவுகள், பழையவையும்கூட, அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத் தளத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அந்த மணி நேரத்துப் பதிவில் காற்று வீச்சு பளிச்சென்று இருந்தது. பிரின்ட் எடுத்து மேஜையில் வைத்தேன். மறுபேச்சு இல்லாமல் மாற்றினார்கள்.

பறக்கும்போது செய்த தவறை நாமே நாசாவுக்கு எழுதிக் கொடுத்தால் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. அதனால் நண்பர்கள் "நாசா படிவம் போடு, தப்பிச்சிடலாம்" என்பார்கள். அந்தப் பாதுகாப்பு விதிமீறல்களுக்குத்தான், விபத்துக்குக் கிடையாது.

அப்புறம் பணம். லைக்கமிங் எஞ்சின் ஓடும்போது புரொப்பெல்லர் தரையில் அடித்தால், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனம். பில் எகிறும். பள்ளியின் காப்பீடு பள்ளிக்குத்தான். காப்பீடு தராமல் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை மாணவர் தலையில் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். போதாததற்கு, பள்ளிக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அதை உங்களிடமே வசூலிக்கவும் வரலாம். ஆகவே விமானத்தை வாடகைக்கு ஓட்டுபவருக்கான ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்தோடு விமானச் சேதத்துக்கும் சேர்த்து எடுங்கள். விலை குறைவான பாலிசியில் இரண்டாவது இருக்காது.

என்னிடம் இரண்டும் இருந்தன. ஆனால் க்ளெய்முக்கு வாடகை ஒப்பந்தத்தின் நகல் கேட்டார்கள். பள்ளியிலோ "மேனேஜர் லீவு", "ஃபைல் வேறு அறையில்", "மெயில் அனுப்புகிறோம்". போகும்போதெல்லாம் இதே பாட்டு. இந்தப் பக்கம் பள்ளி கொடுத்த மாணவர் சான்றான ஐ-20-இன் முடிவுத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எம்-1 என்ற தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் தங்கும் காலத்தை நீட்டிக்க, அந்தத் தேதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஃபைலை என் முன்னாலேயே திறந்தார். "ஃபோட்டோ எடுத்துக்கலாமா?" என்றேன். "தாராளமாக" என்றார். க்ளெய்ம் பாஸ் ஆனது.

இன்ஸ்ட்ரக்டரோடு பக்கக்காற்றில் சில லேண்டிங், மறுபடி சோலோ. அதில் சிக்கலே இல்லை. மேனேஜர் அனுப்புவதாகச் சொன்ன மெயில் மட்டும் இன்னும் வரவில்லை.