அமிர்தி வழியாக ஜவ்வாது மலைக்கு: மிதிவண்டி நாட்குறிப்பு

2025 ஜனவரி 24, வெள்ளி. வேலூர்

ஏலகிரிக்குப் போகலாம் என்றுதான் குடியாத்தத்து நண்பர் முதலில் சொன்னார். நான் மறுத்ததற்கு ஏலகிரியின் மீது எந்தக் கோபமும் இல்லை. அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பெயர்ப்பலகைகள் உண்டு. தமிழ்ப் புலவர்கள், சங்ககால வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் விடுமுறை நாளில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்து ஏறும் கார்களுக்கு நடுவே அந்தப் பெயர்களை நின்று படிக்கக்கூட மிதிவண்டிக்காரனுக்கு இடம் கிடைக்காது. ஜவ்வாது மலைக்கு அந்தக் கூட்டம் வருவதில்லை. அது ஒரு சிகரமோ ஓர் ஏரியோ அன்று. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் நடுவில் கிடந்து, இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களின் எல்லைக்குள் பரவியிருக்கும் மலைத்தொடர். பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஏற்ற ஒற்றை இடம் அங்கே இல்லாததே அதன் சாலைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

வழி முடிவாகிவிட்டது. கணியம்பாடி, அமிர்தி, நம்மியம்பட்டு, ஜமுனாமரத்தூர். இறங்கும்போது காவலூர், ஆலங்காயம், ஒடுகத்தூர், அணைக்கட்டு.

ஜனவரி 25, சனி. ஜமுனாமரத்தூர்

விடியுமுன்பே வேலூரை விட்டுவிட்டோம். திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் கணியம்பாடி வரை போவது இந்தப் பயணத்தின் விலை. அதைச் சீக்கிரம் கொடுத்துவிடுவது நல்லது. பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிரிவலத்துக்குச் செல்லும் வண்டிகள் இரவு முழுவதும் இந்தச் சாலையில் ஓடும் என்பதால், தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே அமாவாசைப் பக்கமாகப் பார்த்துக்கொண்டோம். கணியம்பாடியில் மேற்கே திரும்பியவுடன் லாரிச் சத்தம் நின்று, நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் தொடங்கின.

அமிர்தியில் 1967ஆம் ஆண்டு தொடங்கிய சிறு விலங்கியல் பூங்கா இருக்கிறது. வேலூர்க்காரர்கள் பெரும்பாலும் அதுவரை வந்து, அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்கு மேலேதான் சாலை நமக்கு உரியதாகிறது. நாகநதியின் ஓடைகளில் இன்னும் தண்ணீர் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல், தெற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. மலையும் தன் பங்கை வாங்கி வைத்துக்கொண்டு இப்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

ஏற்றத்தில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முன்னால் சிறிய பல்சக்கரம், பின்னால் பெரியது என்று வைத்துவிட்டால், வேகம் நடப்பவனின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. மூச்சு மட்டும் சீராக இருந்தால் போதும். அந்த வேகத்தில் காது நன்றாக வேலை செய்கிறது. பேருந்து இரண்டு வளைவுகளுக்குக் கீழே வரும்போதே தெரிந்துவிடுவதால், அகலமான ஓரம் பார்த்து ஒதுங்கி நிற்க அவகாசம் இருக்கிறது. மலைச்சாலையில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இந்த அவகாசம்தான். பேருந்து போன பிறகு அடுத்த வண்டி வர வெகு நேரமாகிறது. இடையில் வருபவை ஒன்றிரண்டு இருசக்கர வண்டிகளும், புளி மூட்டை ஏற்றிய சிறு சரக்கு வண்டியும் மட்டுமே. இது புளி உலுக்கும் பருவம். மரத்தடியில் சாக்கு விரித்துப் பெண்கள் ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மியம்பட்டில் தேநீர்க்கடை நடத்தும் அம்மாள் எங்கள் வண்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏம்பா, பஸ்ஸு இருக்கும்போது இத எதுக்கு மிதிச்சிக்கினு வர்றீங்க?” என்றார். நண்பர், “பஸ்ஸுல வந்தா உங்க கடையில நிக்க முடியாதேம்மா” என்றார். “அது இன்னா பெரிய கடை” என்று சிரித்தாலும், இரண்டாவது தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தி வைத்துவிட்டு வந்தோம்.

மேலே வந்ததும் நிலம் விரிகிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே சுவராகத் தெரியும் மலைக்குள் சாமைக் கொல்லைகளும், பலா மரங்களும், மண் சுவர் வீடுகளும் கொண்ட ஊர்கள் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கின்றன. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள்; காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. ஜமுனாமரத்தூரில் விடுதி கிடைத்தது. குளிர் இருக்கிறது, கம்பளி இரண்டு கேட்டு வாங்கினோம்.

ஜனவரி 26, ஞாயிறு. ஜமுனாமரத்தூர்

குடியரசு நாள். பாதையோர ஊர் ஒன்றில் கொடியேற்றி முடித்து, கிராம சபைக்காகத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். ஓரமாக நின்று கேட்டோம். தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்குப் பிறகு பேச்சு பேருந்துக்கு வந்தது. மாலையில் இன்னொரு நடை வேண்டும். கல்லூரியில் படிக்கும் பெண்கள் கீழேயிருந்து திரும்ப வழியில்லை என்று ஒரு பெரியவர் எழுந்து நின்று சொன்னார். நேற்று அந்தச் சாலையின் வெறுமையை மெச்சிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அவர் கேட்கும் பேருந்து வந்தால் எங்களுக்கு இன்னொரு முறை ஓரம் ஒதுங்க வேண்டியிருக்கும், அது வரட்டும்.

பிற்பகலில் பீமன் அருவிக்குப் போனோம். செய்யாறு இந்த மலையில் பிறக்கும் ஆறு; பாறைகளின் இடுக்கில் அது விழும் இடத்தை மேலிருந்து பார்க்கலாம். இறங்க ஆசைதான், ஆனால் வழுக்குப்பாறையில் மிதிவண்டிச் செருப்பு நிற்காது. நேற்று நாங்கள் ஒட்டி ஏறிய நாகநதியும் ஆரணிப் பக்கம் கமண்டல நதியோடு சேர்ந்து கடைசியில் இந்தச் செய்யாற்றுக்கே வந்துவிடுகிறது; செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றை அடைகிறது. வண்டியில் வருபவனுக்கு வரைபடத்தைவிட இந்த ஆற்றுக்கணக்கு அதிகம் உதவும். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தால், மிச்சமிருப்பது ஏற்றமா இறக்கமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரவு நிலவு இல்லை. மேற்கே வெள்ளியும் அதன் கீழே சனியும், உச்சியில் வியாழனும், கிழக்கே சிவந்த செவ்வாயும் ஒரே நேரத்தில் தெரிந்தன. நண்பர் குடியாத்தத்தில் மாடியில் நின்று இவற்றில் இரண்டைத்தான் பார்த்ததாகச் சொன்னார்.

ஜனவரி 27, திங்கள். வேலூர்

காவலூர் வானியல் ஆய்வகத்தின் வெள்ளைக் கோபுரங்கள் மரங்களுக்கு மேல் தெரிந்தபோது பனி இன்னும் கலையவில்லை. வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களில் ஒன்று இருட்டு. ஊர்கள் சிறியவை, வெளிச்சம் குறைவு. தெற்கே தள்ளியிருப்பதால் தென்வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் கண்டறிந்த நோக்கீடுகளில் இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்குண்டு. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வந்தது. அதற்குப் பாப்புவின் பெயரையே வைத்தார்கள். சாலையை ஆளில்லாமல் வைத்திருக்கும் அதே காரணம் வானத்தையும் இருட்டாக வைத்திருக்கிறது.

ஆலங்காயம் இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல், விட்டு விட்டுப் பிடித்து, நடுவில் இரண்டு முறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தோம். சுமையோடு இறங்கும்போது ரிம் சூடேறினால் டியூபின் காற்றழுத்தமும் கூடும். வளைவில் அது வெடிப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஆலங்காயத்தைக் கடந்ததும் மலை வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது. ஒடுகத்தூரில் உத்திரகாவிரி குறுக்கிட்டது. இதுவும் ஜவ்வாது மலையின் நீர்தான்; ஆனால் கிழக்கே சுற்றாமல் வடக்கே ஓடி, அகரம்சேரி அருகே பாலாற்றில் விழுகிறது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கூடை கூடையாக இருந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய். நண்பர் இரண்டு கிலோ வாங்கிப் பையில் திணித்துக்கொண்டார். முள் பையைக் குத்திவிட்டு வெளியே தெரிந்தது.

அணைக்கட்டில் பிரிந்தோம். செவ்வாய்தோறும் பொய்கையில் மாட்டுச் சந்தை கூடும். திங்கள் மாலையே மாடு ஏற்றிய வண்டிகள் வரத் தொடங்கிவிடும் என்பதால் அந்த வழியை விட்டு, ஊசூர், அரியூர் வழியாக நான் வேலூருக்குத் திரும்பினேன். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போகும் கார்கள் அரியூருக்கு முன்பே சாலையை நிறைத்துவிட்டன. நண்பர் பள்ளிகொண்டா வழியாகக் குடியாத்தம் போய்ச் சேர்ந்துவிட்டதாக எட்டு மணிக்குப் பேசினார்; அடுத்த முறை திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டு வழியாக ஏறலாம், அதுவும் வார நாளில் என்கிறார்.