ஜாக்கியும் ஆப்பும்: புயலில் விழுந்த மரங்களைப் பிளந்த கதை

2018 நவம்பர் 16 விடிந்தபோது ஆலங்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் இரண்டு மா, ஒரு புளி, ஒரு பலா, பதினோரு தென்னை சாய்ந்து கிடந்தன. கஜா புயலின் கைங்கரியம். மெஷின் வைத்து அறுப்பவர் நான்காம் நாள் வந்து துண்டு போட்டுவிட்டுப் போனார். பிளக்கத்தான் ஆள் இல்லை. ஊரெங்கும் மரம் கிடக்கையில் கோடாலிக்காரர் எத்தனை வீட்டுக்குத்தான் போவார்? எனக்கோ தோள்பட்டை வலி. சரி, நாமே ஒன்று செய்து பார்ப்போம் என்று பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

லாரிக்குப் போடும் 20 டன் ஆயில் ஜாக்கி ஒன்றும் கர்டர் துண்டுகளும் கிடைத்தன. முதலில் ஜாக்கியைப் படுக்க வைத்துக் கட்டினேன். இரண்டு கட்டை பிளந்தது, அப்புறம் கம்பியை எவ்வளவு அடித்தாலும் தண்டு நகரவில்லை. பம்ப் மேல்பக்கம் இருந்ததால் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது. பிரித்து, ஆளுயரச் சட்டமாக மாற்றினேன். கீழே ஜாக்கி நிமிர்ந்து நிற்கும், அதன் மேல் ஏறி இறங்கும் பலகை, உச்சியில் தலைகீழாக ஆப்பு. ஜாக்கியைத் தளர்த்தினால் பலகை தானாகத் தாழ இருபுறமும் ஸ்பிரிங்.

ஆப்புக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் தேய்த்துப் பற்றவைத்தது அடுத்த தவறு. கரி அதிகமுள்ள ஸ்பிரிங் இரும்பு, பற்றவைத்த ஓரமாகவே விரிசல் விட்டுவிட்டது. முக்கால் அங்குலச் சாதா இரும்புத் தகடுதான் நிலைத்தது. ஜாக்கி அரையடிக்கு மேல் ஏறாது என்பதால் கட்டைகளை எல்லாம் ஒரே நீளத்தில், ஒன்றேகால் அடியாக அறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிளக்கும்போது நேர் எதிரே நிற்கக் கூடாது. ஒரு சிராய் தெறித்து வேட்டியைக் கிழித்தபின் பக்கவாட்டில் நின்றே கம்பியை அடித்தேன்.

மா ஈரத்திலேயே பட்டென்று விட்டுக்கொடுத்தது. அதைக் காயட்டும் என்று முழுசாகப் போட்டுவைத்தால் துளைப்பூச்சி மாவாக்கிவிடும். பலாவின் மஞ்சள் வைரத்தை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை, தச்சரிடம் கொடுத்துவிட்டேன். தென்னை அடுப்புக்கு லாயக்கில்லை. நடுவில் பஞ்சு, நார் நாராகக் கிழியும், புகையோ கண்ணைப் பிடுங்கும். கிடந்து மக்கினால் காண்டாமிருக வண்டு குடியேறி, தப்பி நிற்கும் தென்னைகளையும் தின்னும். அதனால் முதலில் அப்புறப்படுத்தியது அதைத்தான்.

புளிதான் விறகு. நின்று எரியும், தணல் வெகுநேரம் இருக்கும். ஆனால் முறுக்கேறிய நார், 20 டன்னுக்கும் முனகும். கணு இல்லாத துண்டாகப் பார்த்து, ஓரத்திலிருந்து செதில் செதிலாக எடுத்தால் வரும். பிளந்ததைச் செங்கல் மேல் காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டேன். ஆடியில் இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் கணீரென்றது.

அடிமரக் கவட்டை ஒன்று மட்டும் எதற்கும் மசியவில்லை. இப்போது அதன் மேல் உட்கார்ந்துதான் ஜாக்கி அடிக்கிறேன்.