வெள்ளம் கேட்டவர்

மார்ச் 3, 2024

நேற்று ராத்திரி அப்பாவைக் கோயம்புத்தூரிலிருந்து கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குக் கூட்டி வந்துவிட்டோம். பக்கவாதம் வந்து 20 நாள் ஆகிறது. வலது காலை ஊன்றுகிறார், கை லேசாக அசைகிறது. பேச்சுதான் வரவில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அப்பா விடியற்காலை எழுந்தபோதே வாய் கோணியிருந்தது. ராத்திரி எத்தனை மணிக்கு வந்ததென்று யாரைக் கேட்பது? அதை நினைத்தால் தூக்கம் போய்விடும், விடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. மூன்றாம் நாள் நர்ஸைப் பார்த்து அப்பா தெளிவாக "வெள்ளம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு மதுரைப் பக்கம். "எங்கங்கய்யா வெள்ளம்?" என்று ஜன்னலைப் பார்த்தது. பிப்ரவரி வெயிலில்! மலையாளத்தில் தண்ணீர் கேட்கிறார் என்று நான் சொன்ன பிறகுதான் சிரித்தது.

மார்ச் 9

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கத்துகிறார்கள். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்வது. இன்னும் சிலர் அவர் எதிரிலேயே என்னிடம், "நெனப்பெல்லாம் இருக்குதா, கண்ணு?" அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நெனப்பு இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அத்தை வசம்பு கொண்டு வந்தார், தேனில் உரசி நாக்கில் தடவ. அந்தி சாய்ந்தால் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் எங்கள் பக்கத்தில் 'பேர் சொல்லாதது' என்போம். எந்தப் பெயரும் சொல்ல முடியாத மனிதருக்குப் பேர் சொல்லாத மருந்து. அப்பாவுக்கு இன்னும் விழுங்கும்போது புரையேறுகிறது, எதையும் வாயில் வைக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அத்தைக்குக் கோபம்.

மாமா சிலேட்டு வாங்கி வந்தார், பேச வராவிட்டால் எழுதட்டும் என்று. அப்பா இடது கையால் பல்பத்தைப் பிடித்து இரண்டு கோடு இழுத்தார், கீழே வைத்துவிட்டார்.

மார்ச் 16

பாலக்காட்டில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். மலையாளி, தமிழ் நன்றாகப் புரிகிறது. சிலேட்டு விஷயத்தைச் சொன்னதும் தலையாட்டினார். நாக்குத் தசை பலவீனமானால் பேச்சு குழறும், ஆனால் சொல்லும் வாக்கியமும் உள்ளே சரியாக இருக்கும், அவர்களால் எழுத முடியும். அப்பாவுக்கு வந்திருப்பது அஃபேசியா. சொல்லைத் தேடி எடுக்கிற இடமே அடிபட்டிருக்கிறது, அதனால் எழுத்திலும் அதே தடங்கல். பெரும்பாலானவர்களுக்கு அந்த இடம் இடது மூளையில். இடது மூளை வலது உடம்பை ஆள்வதால் கையும் காலும் சேர்ந்து போகின்றன.

1861இல் பாரிஸில் ப்ரோக்கா என்ற டாக்டர் பார்த்த நோயாளி, எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரு சொல்லைத்தான் சொல்வாராம். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தால் இடது முன்பக்கம் சேதம். அப்பாவுக்கு "அதுதான்". காபி, கோபம், கரண்ட் பில், எல்லாம் "அதுதான்".

இன்னொரு எச்சரிக்கை: 'ஆமா'வும் 'இல்லை'யும் மாறி வரும், வாயை மட்டும் நம்பாதீர்கள், கட்டை விரலைக் காட்டச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை அம்மா "ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா?" என்றதற்கு "ஆமா" என்றார். மாத்திரை டப்பாவிலேயே கிடந்தது.

மார்ச் 27

எந்த பாஷையில் பயிற்சி கொடுப்பது? அப்பாவுக்கு வீட்டில் தமிழ், தேங்காய் வியாபாரத்தில் 40 வருஷம் மலையாளம். ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர், முதலில் கற்ற பாஷைதான் முதலில் திரும்பும் என்றாராம். 1895இல் பித்ர் என்ற இன்னொருவர், நோய்க்கு முன் அதிகம் புழங்கிய பாஷை என்றாராம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே மீளும் என்கிறார் தெரபிஸ்ட். அப்பா யாரையும் சட்டை செய்யவில்லை. கஞ்சி போதுமென்றால் "மதி". கோபம் வந்தால் சுத்தமான தமிழ் கெட்ட வார்த்தை, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்! அம்மா காதைப் பொத்திக்கொள்கிறார். இரண்டிலும் பேசுங்கள், எது வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தெரபிஸ்ட் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 5

இன்று தேங்காய் பறித்துப் போட்டார்கள். அப்பா திண்ணையில். புதுப் பையன் ஒருவன் எண்ண ஆரம்பித்து "ஒண்ணு" என்றான். திண்ணையிலிருந்து சத்தம்: "லாபம்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். எங்கள் வீட்டில் முதல் காயை ஒன்று என்று சொல்லும் வழக்கமில்லை. "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." பையன் கை ஓட ஓட அப்பாவின் வாயும் ஓடியது. 27 வரை போனார். அம்மா "அட சாமி" என்றதும் அறுந்துவிட்டது.

ஒரு காயை எடுத்து மடியில் வைத்தேன். "இதென்னங்கப்பா?" உருட்டினார். இடது கை விரலால் நாரைக் கொஞ்சம் பிய்த்தார். காதருகே ஆட்டி நீரோட்டம் பார்த்தார். எல்லாம் தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. "அதுதான்... அதுதான்..." தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தேன். "தே..." உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது. "தேங்கா."

அடுத்த காயைக் காட்டினால் மறுபடி "அதுதான்". எண்ணிக்கை, சாமி மந்திரம், வசவு இவையெல்லாம் சொல்லைத் தேடாமல் பழக்கத்தில் வருபவை, தனிப் பெயரைத் தேடி எடுப்பது வேறு வேலை என்று தெரபிஸ்ட் போனில் விளக்கினார். சாயங்காலம் நாலு காயைக் காட்டி எத்தனை என்றேன். லாபத்தில் தொடங்கி ஏறித்தான் நாலுக்கு வந்தார்.

ஏப்ரல் 14

விஷுக்கனியும் சித்திரை ஒன்றும் ஒரே நாளில். பேத்திகளுக்குக் கைநீட்டக் காசு கொடுத்தார், இடது கையால். எல்லாருக்கும் "லாபம்".

ஏப்ரல் 26

ஓட்டுப் போட வருவேன் என்று பிடிவாதம். கட்டை விரலை மேலே தூக்கியே நின்றார். சக்கர நாற்காலியில் கொண்டு போனோம். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய காரியம் என்று தைரியமாகத்தான் போனேன். முதல் மேஜையிலேயே அதிகாரி பட்டியலில் பெயரை உரக்கப் படித்து, நீங்கள்தானா என்று மலையாளத்தில் "ஆணோ?" என்றார்.

அப்பா, தெளிவாக: "அல்ல."

வரிசை முழுக்க அமைதி. ஏஜெண்டுகள் நிமிர்ந்தார்கள். நான் வாயெடுப்பதற்குள் அப்பாவே முகம் சுளித்துத் தலையை ஆட்டினார், இடது கட்டை விரலை நிமிர்த்தி அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர் அப்படியே அந்தக் கையைப் பிடித்து ஆள்காட்டி விரலில் மை வைத்தார்.