தமிழ்ப் பக்கத்தை யார் ஏற்றப் போகிறார்கள்?

கொழும்பில் ஒரு வாடிக்கையாளரோடு இணையதளம் பற்றிக் கதைக்க உட்கார்ந்தால், எந்தச் சிஎம்எஸ்ஸில் (பக்கங்களை ஏற்றித் திருத்த உதவும் மென்பொருள்) கட்டுவது, வேர்ட்பிரஸா ட்ரூபலா என்ற கேள்வி முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும். அதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். தளம் கைமாறிய பிறகு சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பக்கங்களை ஏற்றப் போவது யார், எதிலிருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை? செட்டியார் தெரு நகைக்கடையில் அது கவுன்டரில் நிற்கும் ஒரு பிள்ளையாக இருக்கும். கையில் இருப்பது ஃபோன். ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிக்கு ஒருவர், அவர்களுக்கு மேலே பார்த்து அனுமதி கொடுக்க இன்னொருவர். இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே சிஎம்எஸ் சரிவராது.

யாருமே ஏற்றப் போவதில்லை என்ற பதிலும் உண்டு. ஐந்து பக்கம், வருடத்துக்கு இரண்டு திருத்தம் என்றால் சிஎம்எஸ்ஸே தேவையில்லை. ஹியூகோ போன்ற, பக்கங்களை முன்கூட்டியே செய்து வைக்கும் ஒரு கருவியில் நிலையான பக்கங்களாகக் கட்டிக் கொடுங்கள். டேட்டாபேஸ் இல்லை, பிளகின் (மேலதிக வசதிக்குச் சேர்க்கும் துணை மென்பொருள்) இல்லை, திருடர் உள்ளே புக வாசலும் குறைவு. வேலை சிறுத்துவிடும் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். கவனிப்பாரற்று இரண்டு வருடம் கிடக்கும் வேர்ட்பிரஸ் தளத்தில்தான் ஒருநாள் சூதாட்டப் பக்கங்கள் முளைக்கும்.

வேர்ட்பிரஸின் மையத்தில், அதாவது பிளகின் எதுவும் சேர்க்காத அடிப்படை மென்பொருளில், பன்மொழி வசதி கிடையாது. பொலிலாங் அல்லது டபிள்யூபிஎம்எல் என்ற பன்மொழிப் பிளகினைப் போட வேண்டும். பொலிலாங்கில் ஒவ்வொரு மொழியும் தனித் தனிப் பதிவு; மூன்றும் ஒரு நூலால் கட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு மோதிரத்தின் விலை மாறினால் மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால், தமிழ்ப் பக்கத்தில் பழைய விலை நிற்கும். விலையைத் தனிப்புலமாக (பதிவின் உரையிலிருந்து பிரித்து நிரப்பும் ஒரு பெட்டி) வைத்து, பொலிலாங்கின் ஒத்திசைவு அமைப்பில் தனிப்புலங்களை இயக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் வூகொமர்ஸ் (வேர்ட்பிரஸில் கடை நடத்தும் பிளகின்) கடையை மூன்று மொழியில் நடத்த அதற்கென உள்ள கட்டண இணைப்பு வேண்டும். அதன் வருடச் சந்தா வெளிநாட்டு நாணயத்தில் வரும், யார் கட்டுவது என்பதை மதிப்பீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

ட்ரூபலில் 8ஆம் பதிப்பிலிருந்தே மொழிபெயர்ப்பு மையத்துக்குள் இருக்கிறது. அங்கே எந்தப் புலம் மொழிக்கு மொழி மாறும், எது பொது என்று புலம் புலமாகக் குறிக்கலாம். தலைப்பும் விளக்கமும் மாறும். விலை, திகதி, படம் ஒன்றுதான். அனுமதிப் படிநிலையும் மையத்திலேயே உண்டு. மூன்று பேர் எழுதி ஒருவர் ஒப்புதல் கொடுக்கும் இடத்துக்கு இதுதான் பொருத்தம். ஆனால் ட்ரூபலுக்காக நீங்கள் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது: பாகங்களை நிறுவும் கம்போசர், சேர்வருக்குள் கட்டளையிட எஸ்எஸ்எச், போதிய மெமரி உள்ள சேர்வர், பதிப்பு மாற்றும்போதெல்லாம் தெரிந்த கை. ட்ரூபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5இல் முடிந்தது. 7இலிருந்து மேலே போவது சாதாரணப் புதுப்பிப்பு அல்ல, ஏறக்குறைய தளத்தைத் திரும்பக் கட்டுவதுதான். பராமரிப்புக்கு வருடாவருடம் காசு ஒதுக்காத நிறுவனத்துக்கு ட்ரூபலைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு சிஎம்எஸ்ஸான ஜூம்லாவிலும் பன்மொழி மையத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் அடுத்து வந்து பொறுப்பெடுக்க ஆள் கிடைப்பாரா என்று பார்த்தே முடிவெடுங்கள். ஸ்ட்ராபி போன்ற தலையில்லா முறைகள் (உள்ளடக்கத்தை மட்டும் வைத்திருந்து, காட்டும் வேலையை வேறொன்றுக்கு விடுபவை) தளத்தோடு மொபைல் செயலியும் ஓடும் இடத்துக்கு நல்லவை. மாதம் சில நூறு ரூபாவுக்குப் பல தளங்கள் ஒரே சேர்வரைப் பகிரும் ஹோஸ்டிங்குக்கு உரியவை அல்ல.

இனி, எந்தச் சிஎம்எஸ் என்றாலும் தமிழ் ஏறும்போது வரும் சிக்கல்கள். வெளிநாட்டுக் கையேடுகளில் இவை இருக்காது.

முதலில் ஸ்லக், அதாவது பக்கத்தின் இணைய முகவரியில் தலைப்பிலிருந்து வரும் கடைசிப் பகுதி. 'கொழும்பு திருமண மண்டபங்கள்' என்று தலைப்பிட்டால் வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் முகவரி 'கொழும்பு-திருமண-மண்டபங்க' என்று நடுவில் அறுந்து நிற்கும். காரணம் கணக்கில் இருக்கிறது. ஸ்லக் சேமிக்கும் இடம் 200 குறிகளுக்கு மட்டும். ஒரு தமிழ்க் குறியீடு, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 9 குறியாக விரியும். உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் 'கொழும்பு' 8 குறியீடு, அதாவது 72 குறி. 'திருமண' 54. இடைக்கோடுகளோடு 128 போய்விட்டது. மிச்சம் 72இல் 'மண்டபங்க' வரைதான் அடங்கும். இதே முகவரியை வட்ஸ்அப்பில் ஒட்டினால் பல வேளைகளில் சதவீதக் குறிகளின் நீண்ட வால் தெரியும். ஆகவே ஸ்லக்கை ஒவ்வொரு பதிவிலும் கையால், ஆங்கில எழுத்தில், சுருக்கமாக எழுதப் பழக்குங்கள். பொலிலாங்கின் இலவசப் பதிப்பில் இரண்டு மொழிப் பக்கங்களுக்கு ஒரே ஸ்லக்கை வைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

அடுத்தது பாமினி, யூனிகோடுக்கு முந்திய முறையில் அமைந்த ஒரு தமிழ் எழுத்துரு. அச்சகத்திலிருந்து வரும் வேர்ட் கோப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். எடிட்டரில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருவையே தளத்தில் ஏற்றிச் சமாளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ்தான், ஆனால் கூகுளுக்கும் பார்வையற்றோர் பாவிக்கும் திரைவாசிப்பானுக்கும் அது தமிழே இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிய பிறகு இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, மூலத்தில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் பெயர்களும் மாற்றியின் கையில் தமிழ் எழுத்தாகச் சிதைந்திருக்கும். மற்றது நுட்பமானது: 'அவர்' என்பதில் ரகரத்துக்குப் பதிலாகக் காலைப் போட்டு மேலே புள்ளி வைத்திருப்பார்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. தேடினால் மட்டும் அகப்படாது. தமிழில் காலுக்கு மேல் புள்ளி வரவே வராது, ஆகவே அந்த இணையை 'ர்' என்று முழு டேட்டாபேஸிலும் பயமில்லாமல் மாற்றலாம். பேக்கப் எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

ஒகரத்திலும் இதே கதை. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். ஒருவர் ஒரு விதமாகவும் அடுத்தவர் மற்ற விதமாகவும் தட்டினால், வேர்ட்பிரஸின் தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. சேமிக்கும் கட்டத்திலேயே பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) தரும் நோர்மலைசர் வழியாக, இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் முடிந்தது.

தேடலின் இன்னொரு குறை திருத்தினாலும் முழுதாகப் போகாது. தட்டிய சொல் அப்படியே எழுத்தில் இருந்தால்தான் அது எடுத்துத் தரும். 'கடை' என்று தேடினால் 'கடையில்' வரும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' வராது, 'மரம்' என்றால் 'மரங்கள்' வராது. வீடு, காணி விற்கும் தளத்தில் இது நேரடி நட்டம். அங்கே தேடல் பெட்டியை விட இடம், விலை, அறை எண்ணிக்கை என்று வடிகட்டிகள் வைப்பதே மேல்.

சிங்களப் பக்கத்துக்கும் ஒரு கண் வையுங்கள், உங்களுக்குச் சிங்களம் வாசிக்க வராவிட்டாலும். 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகளை ஒட்டிவைப்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் குறி. சுத்தப்படுத்துகிறேன் என்று சில இறக்குமதிக் கருவிகள் அதை நீக்கிவிடும், நாட்டின் பெயரே முகப்பில் உடைந்து நிற்கும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழும் அதன் சிங்களச் சோடியும் போதும். வரி உயரத்தை 1.6க்குக் கீழே விடாதீர்கள், எழுத்திடைவெளியைக் கூட்டாதீர்கள். மெனுவை முதலில் தமிழில் வடிவமையுங்கள்; 'எங்களைத் தொடர்புகொள்ள' அடங்கினால் ஆங்கிலம் தானாக அடங்கும்.

நடத்தும்போது வரும் பிழைகளில் அதிகம் காண்பது நேரம். வேர்ட்பிரஸ் புதிதாக நிறுவியதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் நிற்கும். தீபாவளிச் சலுகையை நள்ளிரவு 12க்கு நேரம் வைத்தால் இங்கே காலை 5.30க்குத்தான் வெளியாகும். அமைப்பில் கொழும்பைத் தெரிவு செய்யுங்கள். அதைச் செய்தும் பதிவு வெளிவராவிட்டால், காரணம் உள்ளகக் கிரோன், அதாவது குறித்த நேரத்து வேலைகளைச் செய்யும் வேர்ட்பிரஸின் சொந்தப் பொறி: யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும், நள்ளிரவில் யார் வருவார்? அதை நிறுத்திவிட்டு, சேர்வரின் கிரோனை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள்.

பேஹியர் போன்ற கேட்வே (இணையத்தில் காசு வாங்கித் தரும் சேவை) இணைத்தால், காசு கழிந்தும் ஓர்டர் 'நிலுவை' என்று கிடக்கிறதா என்று பாருங்கள். கேட்வே பின்னணியில் அனுப்பும் அறிவிப்பைப் பாதுகாப்புப் பிளகின் தடுத்திருக்கக்கூடும். உங்கள் மடிக்கணினியில் ஓடும் பிரதியில் இதைச் சோதிக்கவே முடியாது, வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும்.

படங்களைக் கமராவிலிருந்து அப்படியே ஏற்றுவார்கள். 5.3 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் 2560 பிக்சலுக்கு மேற்பட்டதைச் சுருக்கிக்கொள்ளும், ஆனால் மூலப்படத்தையும் வைத்துக்கொண்டு பல அளவுப் பிரதிகளும் செய்யும். ஆயிரம் நகைப் படம் எட்டாயிரம் கோப்பாகி, மலிவு ஹோஸ்டிங்கின் கோப்பு எண்ணிக்கை வரம்பில் முட்டும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமுக்குத் தேவையில்லாத அளவுகளைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

டொமைனை வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதியுங்கள். பேக்கப் வேறொரு இடத்தில் இருக்கட்டும், அதிலிருந்து ஒருமுறையாவது தளத்தை எழுப்பிப் பாருங்கள். கடைப்பிள்ளைக்குத் தொகுப்பாளர் உரிமை போதும், வூகொமர்ஸ் கடையென்றால் கடை மேலாளர் உரிமை. நிர்வாகி உரிமை வேண்டாம். காசு கட்டாமல் திருடிய தீம்களை எவர் கொண்டுவந்தாலும் ஏற்றாதீர்கள்.

கையளிக்கும் நாளில், ஏற்றப் போகிற அந்த ஆளையே உட்கார வையுங்கள். அவருடைய ஃபோனில் ஒரு பொருளின் விலையை மூன்று மொழியிலும் மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், தொடாதீர்கள். "அண்ணா, இதில எதை அமத்துறது?" என்று அவர் எங்கே கேட்கிறாரோ அந்தத் திரையைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் தேவையற்ற பட்டன்களை மறைத்துவிட்டு, அடுத்த கிழமை அதே சோதனையைத் திரும்ப வையுங்கள்.