தவுக்கேயின் கடையும் அப்பாவின் இரட்டைக்குழலும்

எங்கள் பட்டணத்தின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. துப்பாக்கி விற்பவர் எவரும் தம் கடை ஊரறியப் பேசப்படுவதை விரும்புவதில்லை. தவுக்கேயும், அதாவது அந்தத் துப்பாக்கிக் கடையின் சீன முதலாளியும், அப்படித்தான் என்னிடம் கேட்டுக்கொண்டார். சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் அரைமணி நேரத்தில் வந்துவிடலாம், ஒரே ஒரு கடைத்தெரு, அதன் இரு முனைகளிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் என்று சொன்னால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட ஊர் என்பது புரிந்துவிடும்.

கடையின் முன்பகுதியில் துப்பாக்கி எதுவும் கண்ணில் படாது. தூண்டில் முள், நைலான் நூல், ரப்பர் பூட்சு, பாராங் கத்தி, அதற்கான மரப்பிடி, நெற்றியில் கட்டும் டார்ச்சு, பூட்டு, அரம் என்று தோட்டத்து ஆள்களுக்குத் தேவையானவை எல்லாம் கூரையிலிருந்து தொங்கும், அல்லது பழைய பிஸ்கெட் டின்களில் கிடக்கும். இவற்றைத் தாண்டி உள்ளே போனால் இரும்புக் கம்பிக் கதவு. அதற்குப் பின்னால், விசைக்காப்பு வளையத்தின் ஊடே ஓடும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டு, ஏழெட்டுத் துப்பாக்கிகள் சுவரோரமாக நிற்கும். சிறுமியாக அப்பாவோடு போகும்போது அவை எனக்குக் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் ஆள்களைப் போலத் தோன்றும். தவுக்கே அப்போதிலிருந்தே என்னைப் பாப்பா என்றுதான் அழைக்கிறார். எனக்கு நாற்பத்தாறு வயதாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. அப்பாவை அவர் அண்ணே என்பார். கம்போங் (கிராமத்து) மலாயைக் காட்டிலும் தோட்டத்துத் தமிழை நன்றாகப் பேசும் சீனர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் இவர் ஒருவர்.

இவ்வளவு சிறிய ஊரில் துப்பாக்கிக் கடை எதற்கு என்று ஈப்போவில் என்னோடு வேலை செய்பவர்கள் கேட்பதுண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்கு அருகில் இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பள்ளிப் பாடத்திலேயே உள்ளவை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆயுதம் என்ற சொல்லே எங்கள் பகுதியில் வேறு பொருள் கொண்டுவிட்டது. அவசரகாலம் முடிந்த அதே 1960-இல்தான் இன்றும் நடப்பில் உள்ள ஆயுதச் சட்டம் வந்தது. அதன்பின் தோட்டத்துத் துப்பாக்கி மனிதனைப் பார்த்த திசையிலிருந்து மெல்லத் திரும்பிப் பன்றியைப் பார்க்கத் தொடங்கியது. ரப்பர் மரத்தைப் பன்றி அவ்வளவாகச் சீண்டாது. செம்பனை வந்த பிறகுதான் தொல்லை கூடியது. நட்டு ஓராண்டுகூட ஆகாத கன்றைத் தோண்டிக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகும். ஒரே இரவில் ஒரு வரிசையே சாய்ந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, சேமிப்பை எல்லாம் போட்டுக் காட்டோரமாக ஆறு ஏக்கர் வாங்கிய மறு ஆண்டே, பயிரைக் காக்கவென்று உரிமத்துக்கு விண்ணப்பித்து, தவுக்கேயிடம் பழைய இரட்டைக்குழல் ஒன்றை வாங்கியதன் பின்னணி இதுதான்.

இணைய வணிகம் சிறு கடைகளை விழுங்குகிறது என்று எல்லாரும் பேசும்போது, துப்பாக்கிக் கடைக்கு மட்டும் அந்த அச்சம் இல்லை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். அதில் பாதி உண்மை. இந்நாட்டில் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைப்பேசியில் தட்டி வரவழைக்க முடியாது. போலிஸின் அனுமதி கையில் இருக்க வேண்டும், உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் நேரில் போக வேண்டும், அவர் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். காற்றுத் துப்பாக்கியும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. அசலைப் போலத் தோன்றும் நகல் துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம் என்பது, பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்று நினைத்து இணையத்தில் தேடும் பெற்றோர் பலருக்குத் தெரியாது. 1971-ஆம் ஆண்டுச் சுடுகருவிச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் பதினான்கு ஆண்டுகள் வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாத தண்டனையும் உண்டு. இந்தக் கடுமையில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. துப்பாக்கி இணையத்தில் விற்கப்படாத நாட்டில் வாழ்வது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது.

ஆனால் தவுக்கேயின் அடுப்பு எரிவது துப்பாக்கி விற்று அல்ல. ஒரு துப்பாக்கி கைமாற மாதக் கணக்கில் ஆகும். ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வாங்கும் பொருள் அது. அன்றாடம் கல்லாவில் விழுந்த காசெல்லாம் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் தொங்கிய பூட்சிலும் டார்ச்சிலும் தூண்டிலிலும் துப்பாக்கி எண்ணெயிலும் வந்தது. இணையம் அள்ளிக்கொண்டு போனது சரியாக அந்தப் பகுதியை. 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கு அரசு 10 விழுக்காடு விற்பனை வரி விதித்தும், டார்ச்சின் விலை அங்கேதான் குறைவு. சட்டத்தின் சுமை முழுவதையும், அதாவது காப்பறை, பதிவேடு, சோதனை, உரிமக் கட்டணம் எல்லாவற்றையும் கடை தாங்க வேண்டியிருக்க, அந்தச் சுமையைத் தாங்கும் சக்தியைக் கொடுத்த சில்லறை வியாபாரம் மட்டும் வேறெங்கோ போய்விட்டது.

போனதில் என் பங்கும் உண்டு. அப்பாவுக்குக் குழல் துடைக்கும் பித்தளைப் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று தெரிந்ததும், ஈப்போவில் இருந்தபடியே ஓர் இணையக் கடையில் பாதி விலைக்கு ஒன்றை வாங்கி அனுப்பினேன். படத்தின் கீழே 12 போர் என்று இருந்தது, வந்ததோ 20. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையில் பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால் அதில் ஒன்றின் குறுக்களவுதான் 12 போர் குழலின் உள்ளளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், இருபதாகப் பிரித்தால் உருண்டை சிறுத்து 15.6-க்கு வந்துவிடும். அந்தக் கணக்கில், நான் அனுப்பிய பிரஷ் குழலுக்குள் கிணற்றில் விட்ட வாளி போல எந்தப் பக்கமும் படாமல் இறங்கியது. திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அதைத் தவுக்கேயிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். தவுக்கே சரியான பிரஷை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை நான் போனபோது, கோபமில்லாமல் ஒரு பாடம் நடத்தினார்: பிரஷ் மாறினால் அழுக்குதான் மிஞ்சும், தோட்டா மாறினால் கை போகும். 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் குழலில் போட்டால் அது வழுக்கிக்கொண்டு முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். 20 போர் தோட்டாவின் உறை மஞ்சள் நிறத்தில் இருப்பது இந்த ஆபத்தால்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இன்னொரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தைய இரவில் அப்பா விசையை இழுத்தும் இடது குழல் வெடிக்கவில்லை. குழலைத் தரைப் பக்கம் திருப்பியபடியே சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டுத் திறந்து, அந்தத் தோட்டாவை மறுநாள் காலை கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். விடுமுறை என்பதால் நானும் உடன் போனேன். தோட்டா ஈரம் பட்டுவிட்டது என்பது அப்பாவின் முடிவு. கெட்ட தோட்டாவை விற்றுவிட்டீர்கள் என்று சொல்லும் தோரணையில்தான் அவர் அதை மேசையில் வைத்தார். தவுக்கே பதில் பேசவில்லை. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரைப் போலக் கண்ணில் சிறு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, தோட்டாவின் பித்தளை அடியில் ஊசி பட்ட தடத்தைப் பார்த்தார். பிறகு, வலது குழலில் நன்றாக வெடித்த வெற்று உறை ஒன்றை அப்பாவின் பையிலிருந்து கேட்டு வாங்கி இரண்டையும் அருகருகே நிறுத்தினார். வலதில் கடுகு புதைகிற அளவுக்கு ஆழமான பள்ளம்; இடதில் நகத்தால் அழுத்தியது போல ஒரு மெல்லிய வடு, அதுவும் மையத்திலிருந்து சற்று விலகி. "தோட்டா நல்லா இருக்கு அண்ணே, ஸ்பிரிங்குக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார். அப்பா அந்தப் பூதக்கண்ணாடியை வாங்கித் தாமும் பார்த்துவிட்டு, வெகு நேரம் கழித்து, ஆமாம் என்றார். பழுதுபார்க்கவும் சட்டப்படி உரிமம் வேண்டும். அது தவுக்கேயிடம் இருந்தது. இணையக் காணொளியைப் பார்த்து வீட்டில் அரத்தோடு உட்கார்ந்திருந்தால் அப்பா சட்டத்தையும் மீறியிருப்பார், விரல்களையும் பணயம் வைத்திருப்பார்.

கடையின் மேல் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தவுக்கே நினைத்த நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். சரக்கின் மேல் பல ஆண்டுத் தூசி படிந்திருக்கும். விலை எந்தப் பொருளிலும் ஒட்டப்பட்டிருக்காது. முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். அண்மைக் காலம் வரை ரொக்கம் தவிர வேறு எதையும் வாங்க மாட்டார். அவருடைய மகள் கோலாலம்பூரிலிருந்து வந்து கைப்பேசியில் பணம் செலுத்தும் டுயிட்நாவ் கியூஆர் அட்டையைக் கல்லாவில் ஒட்டிய பிறகும், பணம் வந்துவிட்டதா என்று பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேடி ஐந்து நிமிடம் ஆகிறது. இணையம் வராவிட்டாலும் இந்தக் கடை இளைஞர்களை இழந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உரிமம் வைத்திருப்போர் பெரும்பாலும் அப்பாவின் வயதுக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள் என்னைப் போல நகரத்துக்குப் போய்விட்டார்கள். போதாக்குறைக்கு, 2021-இல் மலேசியாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்தபின் காட்டுப்பன்றிகளே எங்கள் பக்கத்தில் அரிதாகிவிட்டன. பன்றி செத்ததில் கன்றுகள் பிழைத்தன, தவுக்கேயின் தோட்டா வியாபாரம் படுத்தது.

ஆனாலும் வியாழக்கிழமை காலையில் கடைக்குப் போனால் முதியவர்கள் மூன்று நான்கு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். யாரும் எதையும் வாங்க வந்தவர்கள் அல்லர். உரிமத்தைப் புதுப்பிக்கும் பாரத்தை (படிவத்தை) நிரப்ப வந்தவர்கள். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நான்காம் வகுப்போடு நின்று பால்வெட்டப் போன தலைமுறை அது. மலாய் பேச வரும், பாரத்தில் எழுத வராது. தவுக்கே ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் வாங்கி, எண்களைப் பெரிய எழுத்தில் நிரப்பி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இட்டு, மாவட்டப் போலிஸ் தலைமையகத்தில் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார். இதற்கு அவர் காசு வாங்கிப் பார்த்ததில்லை. முன்பெல்லாம் பாரத்தை நிரப்பிக்கொண்டவர் வெறுங்கையோடு போகக் கூசி ஒரு ஜோடி பூட்சாவது வாங்குவார். இப்போது பூட்சைப் பேரன் கைப்பேசியில் வாங்கிக் கொடுத்துவிடுகிறான். பாரம் மட்டும் இங்கே வருகிறது.

அப்பா போன ஆண்டு காலமானார். கருமாதி முடியும் முன்பே எங்கள் முன் நின்ற கேள்வி அலமாரியில் இருந்த அந்தத் துப்பாக்கி. உரிமம் ஆளுக்குரியது, ஆள் போனால் அதுவும் போகிறது. நிலத்தையும் வீட்டையும் போல அது தானாக வாரிசுக்கு வந்துவிடாது. வீட்டில் உரிமம் உள்ளவர் எவரும் இல்லை; தொடவே எங்களுக்குப் பயமாக இருந்தது. தவுக்கேயைத் தொலைபேசியில் அழைத்தேன். யாரும் தொட வேண்டாம், அலமாரியைப் பூட்டிச் சாவியை நீயே வைத்துக்கொள் பாப்பா என்று சொல்லிவிட்டு, போலிஸ் நிலையத்துக்கு அவரே பேசி, ஓர் அதிகாரியோடு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி, அப்பாவின் படத்தின் முன் கைகூப்பி நின்றுவிட்டு, அதன் பிறகே அலமாரிப் பக்கம் வந்தார். குழலைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். உள்ளே துரு ஒரு புள்ளியும் இல்லை என்று அதிகாரியிடம் மலாயிலும் என்னிடம் தமிழிலும் சொன்னார். மீதமிருந்த தோட்டாக்களை எண்ணி எழுதினார்கள். துப்பாக்கி அவருடைய காப்பறைக்குப் போனது.

என் தம்பி உரிமத்துக்கு விண்ணப்பிப்பதா, அல்லது வாங்க அனுமதி பெற்ற வேறு ஒருவருக்கு விற்றுவிடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. இதற்கிடையில் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் காப்பறை வாடகையைக் கட்டப் போகிறேன். தவுக்கே அதை வெளியே எடுத்து, என் கண் முன்னே துடைத்து, மீண்டும் உள்ளே வைக்கிறார். பூட்சும் டார்ச்சு பேட்டரியும் பூட்டும் இப்போது அவரிடமே வாங்குகிறேன். கூடவே துப்பாக்கி எண்ணெயும் ஒரு டின். வீட்டில் அதைப் போடத் துப்பாக்கி இல்லாததால் வாசல் கேட்டின் கீலுக்கு ஊற்றி வருகிறேன்.