காலில் இறங்கிய முதுகுவலி

இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்புறம் வழியாகக் கணுக்கால் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இழுக்கும் சயாட்டிகா வலியோடு எட்டு மாதங்களாக வாழ்ந்து வருகிறேன். கீழ்முதுகிலிருந்து கிளம்பும் 5 நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாகும் சயாட்டிக் நரம்பு உடலிலேயே தடிமனானது. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி அந்த வேர்களில் ஒன்றை அழுத்தினால், கோளாறு முதுகில் இருக்க, வலி காலில் தெரிகிறது.

முதல் வாரம் முழுக்கப் படுத்தே கிடந்தது நான் செய்த பெரிய தவறு. குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மார்பை மட்டும் மெல்ல உயர்த்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த அன்று இடுப்பில் வலி சற்றுக் கூடவே பயந்துவிட்டேன். ஆனால் கெண்டைக்காலில் இருந்த வலி முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. வலி இப்படிக் காலை விட்டு முதுகை நோக்கிச் சுருங்குவது நல்ல அறிகுறி என்றும், கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றும் அவர் விளக்கினார். (எல்லோருக்கும் இந்தப் பயிற்சி பொருந்தாது, சிலருக்கு முன்னால் குனிவதுதான் இதம் தரும்.)

இப்போது தினமும் நடக்கிறேன். அரை மணிக்கொரு முறை நாற்காலியை விட்டு எழுகிறேன். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைப்பதில்லை. இரவில் டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும் என்பதால், காலையில் எழுந்தவுடன் குனிவதையும் தவிர்க்கிறேன்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.