அது சிரிப்பு இல்லை

நேற்று ஹட்டனில் விடாத மழை. தங்கச்சி மகன் டிவியில் பழைய படமொன்று பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை போட்ட சிம்பன்சி ஒன்று பல்லைக் காட்டியது. "மாமா, சிரிக்குது பாருங்க!" என்றான்.

அது சிரிப்பு இல்லை. உதடு விலகி மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்கள் இரண்டும் இறுகத் தெரிந்தால், சிம்பன்சி பெரும்பாலும் பயந்திருக்கிறது என்று அர்த்தம். விளையாடும்போது அது வாயைத் தளர்வாகத் திறக்கும், அவ்வளவுதான்.

படங்களில் நடிப்பவை பெரும்பாலும் குட்டிகள். காட்டில் இருந்தால் நாலைந்து வயது வரை தாய்ப்பால் குடிக்கும். வளர்ந்து பலம் கூடியதும் பழக்கியவருக்கே அடங்காது, அத்தோடு நடிப்பும் முடிந்தது. ஆனால் 50 வயதைத் தாண்டியும் வாழக்கூடிய உயிர் அது. மிச்சக் காலமெல்லாம் எங்கே கழியும்? எனக்கு மனசு ஆறவே இல்லை. எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்திக்கு வரும் குரங்கின் வயிற்றில் குட்டி தொங்கினால், அம்மா கையிலெடுத்த கல்லைக் கீழே போட்டுவிடுவார்.

2011இல் வந்த 'ரைஸ் ஆஃப் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ்' படத்தில் சீசர் என்ற சிம்பன்சியாக நடித்தவர் ஆண்டி செர்கிஸ் என்ற மனிதர். அவருடைய அசைவையும் முகபாவத்தையும் பதிந்து கணினியில் உருவாக்கினார்கள். அப்புறம் எதற்கு ஒரு குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும்?

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேனலை மாத்துங்க மாமா" என்றான்.